சரியான விடை

ஹாஸ்ய நிகழ்ச்சி பார்க்கிற நம்மவர்களுக்கு ஒரு சௌகரியம் பழகிப் போய்விட்டது. திரையில் யாராவது சிரித்தாலோ, யாராவது அடிபட்டு அலறினாலோ, 'ஓகோ, இது சிரிக்கவேண்டிய இடம்' என்று தெரிந்துகொண்டு சிரித்துவிடுவோம். டெலிவிஷன்காரர்கள் அந்தச் சிரமத்தைக்கூட நமக்கு வைப்பதில்லை. சிரிப்புச் சத்தத்தையும் அவர்களே சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். மொய்க் கவரில் வாழ்த்தையும் அச்சடித்து விற்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி.

நான் சொல்ல வந்த நிகழ்ச்சியில் இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது. அதில் யாரும் சிரிப்பதில்லை; யாரும் வழுக்கி விழுவதில்லை. ஒரு கடிகாரம், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பாத்திரம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஆசாமி, பின்னாலிருந்து பாடம் சொல்லும் ஒரு குரல். இவ்வளவுதான். பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நடு ராத்திரியில் தனியாக உட்கார்ந்து, வீட்டில் இருக்கிறவர்கள் எழுந்து வந்து "உடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கும்படி சிரித்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பெயர் 'லுக் அரவுண்ட் யூ'. 'உன்னைச் சுற்றிப் பார்' என்று தமிழில் சொல்லலாம். 2002-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பி.பி.ஸி.யின் இரண்டாம் சானலில் வந்தது. ராபர்ட் பாப்பர், பீட்டர் ஸெராஃபினோவிச் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதியது. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிஷம். மொத்தம் எட்டுப் பாடங்கள். கணிதம், தண்ணீர், கிருமிகள், பேய்கள், கந்தகம், சங்கீதம், இரும்பு, மூளை. பட்டியலில் நாலாவதாக இருப்பதைக் கவனிக்காமல் தாண்டி வந்துவிட்டீர்களா? அப்படித் தாண்ட வைப்பதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். கிருமிகளுக்கும் கந்தகத்துக்கும் நடுவில் பேயை உட்கார வைத்துவிட்டு, லவலேசமும் முகம் மாறாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இது எதைக் கேலி செய்கிறது என்று புரிய வேண்டுமானால் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே 1957-ஆம் வருஷம் மே மாதம் தனியார் நிறுவனம் ஒன்றும், செப்டம்பரில் பி.பி.ஸி.யும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று டெலிவிஷன் பாடங்களை ஒளிபரப்ப ஆரம்பித்தன. அப்போது வீடியோ ரிக்கார்டர் என்கிற வசதி பள்ளிக்கூடங்களில் கிடையாது. குறித்த மணிக்குப் பாடம் வரும். வந்தால் வந்தது, போனால் போனது. அதனால் ஆசிரியர் பெட்டியை முன்கூட்டியே போட்டு, அது சூடேறிப் படம் தெரியும்வரை காத்து, பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்து, எல்லாவற்றையும் கடிகாரப்படி செய்தாக வேண்டும். அவருடைய ஒத்தாசைக்காகவே பாடத்துக்கு முன்னால் திரையில் ஒரு கடிகாரமோ, விநாடிக்கு விநாடி குறைந்துகொண்டே வரும் ஒரு வட்டமோ காட்டுவார்கள். பின்னால் ஏதாவது வாத்திய சங்கீதம் ஓடும். ஒரு நிமிஷம். அரை நிமிஷம். நாற்பது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து ஒன்றுமே நடக்காத ஒரு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பாடம் வரும். ஒரு பீக்கர், ஒரு குடுவை, ஒரு கை. இடைவிடாமல் ஒரு குரல்.

இப்படிப் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே ஒரு தலைமுறையே உண்டு. பாப்பர் பிறந்தது 1967-ல், ஸெராஃபினோவிச் 1972-ல். இருவரும் அந்தத் திரைக் கடிகாரத்தின் முன்னால் கைகட்டி உட்கார்ந்த வயசுக்காரர்கள். பெரியவர்களான பிறகு அந்தப் பாடங்களை அட்சரம் பிசகாமல் திரும்பச் செய்தார்கள். அதே மங்கின நிறம், அதே மெதுவான காமிரா, அதே குடுவைகள். மேஜையில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும், பிளாஸ்டிக் நாடாவில் எழுத்துப் பொறித்து ஒட்டிய லேபிள். எதைச் சுட்டிக் காட்டுவதானாலும் ஒரு பென்சில். சங்கீதத்தைக்கூட வேறு யாரிடமும் விடாமல் இருவருமே போட்டார்கள். குரல் கொடுத்தவர் நைஜல் லாம்பர்ட் என்ற நடிகர். அந்தக் குரலை நான் எப்படி வர்ணிப்பது? நல்ல குரல். அன்பான குரல்கூட. சந்தேகம் என்பதையே வாழ்நாளில் கண்டறியாத குரல். ரயில் வரவை அறிவிக்கிறவர் குரலில் கொஞ்சம் தேனைக் குழைத்த மாதிரி.

எல்லாம் சரியாக இருக்கிறது. விஷயம் ஒன்றுதான் தப்பு.

கணிதப் பாடத்தில், உலகத்திலேயே மிகப் பெரிய எண் சுமார் 4,500 கோடி என்று அந்தக் குரல் சொல்கிறது. அதைவிடப் பெரிய எண்கள் இருக்கலாம் என்று கணித நிபுணர்கள் சந்தேகிக்கிறார்களாம். மூளை என்பது ஒருவகை மாற்றியமைத்த இருதயம் என்று இன்னொரு பாடம். எறும்புகளைப் பனிக்கட்டியோடு விட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அவை எஸ்கிமோக்களைப்போலப் பனி வீடு கட்டி வைத்திருக்கின்றன. குரல் எறும்புகளுக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போகிறது. நடுநடுவே, "இதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு. எழுதிக்கொள்ளப் போதுமான அவகாசமும் தருகிறார்கள். அந்த அவகாசம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லுகிறது. ஒரு நிமிஷம் என் கை மேஜைமேல் பேனாவைத் தேடியது என்று சொன்னால் நம்புவீர்களா?

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாடத்தின் ஆரம்பம். உன்னைச் சுற்றிப் பார், சுற்றிப் பார் என்று குரல் இரண்டு மூன்று தடவை சொல்கிறது. திரையில் தெரு, மரம், கட்டடம் என்று ஏதேதோ வருகின்றன. நாம் எதைத் தேடுகிறோம் என்று கண்டுபிடித்துவிட்டாயா என்று கேட்கிறது. கேட்ட மறு கணமே, நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சரியான விடை!" என்று சொல்லிவிடுகிறது. விடை கணிதம். அல்லது தண்ணீர். அல்லது இரும்பு. நாம் என்ன சொன்னோம் என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. நாம் ஒன்றும் சொல்லவுமில்லை.

முதல் தடவை அந்தச் 'சரியான விடை'யைக் கேட்டபோது எனக்குச் சிரிப்போடு ஒரு பழைய வெயிலும் சேர்ந்து வந்தது.

1984-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதியிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவினர் தூர்தர்ஷனில் பாட நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். யூ.ஜி.ஸி. புரோகிராம் என்றால் என் வயசுக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வரும். காலேஜ் மாணவர்களுக்காக ஏற்பட்டது, எல்லாம் இங்கிலீஷில். நாங்களோ தொடக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆனால் லீவு நாள் மத்தியானத்தில் பெட்டியில் வேறு எது வரும்? இருந்தது ஒரே சானல். ஆகவே தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, நத்தையின் உடற்கூறு, எஃகு உருக்கும் உலை, கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் என்று ஒன்றுவிடாமல் பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் எழுந்து போகமாட்டோம். கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு படத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். அவர் சொல்வது அத்தனையும் நிஜம் என்பதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயம் கிடையாது.

எங்கள் பாட்டியும் கூட உட்கார்ந்திருப்பாள். இங்கிலீஷும் தெரியாது, நத்தையும் பிடிக்காது. ஆனால் சினிமாவுக்குக் காட்டாத மரியாதையை அந்தக் குரலுக்குக் காட்டுவாள். நாங்கள் குசுகுசுவென்று பேசினால், "சும்மா இருங்கடா. படிச்சவர் என்னமோ நல்லது சொல்றார்" என்று அதட்டுவாள். ஒரு நாள் நான் விஷமமாக, "என்ன சொல்றார் பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்சமும் தயங்கவில்லை. "எல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றார்" என்றாள்.

இன்றைக்கு அந்த நத்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே நினைவிருக்கிறது. பாட்டி மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே குரலைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம். இந்த இங்கிலீஷ்காரர்கள் இருவரும் செய்தது அதைத்தான். பாடத்திலிருந்து பாடத்தை மட்டும் உருவிவிட்டுக் குரலை மிச்சம் வைத்தார்கள். உருவின இடத்தில் எறும்பையும் பேயையும் வைத்தால், குரல் அப்போதும் அப்படியே நிற்கிறது. ஒரு சாயல்கூடக் குறையவில்லை.

1984-ஆம் வருஷம் என்றதும் இன்னொரு விஞ்ஞானப் பாடம் ஞாபகம் வருகிறது. அதே வருஷத்தில் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலைக் காட்டி இது எப்படி எரியும் என்று செந்தில் கேட்பாரே, அது. கவுண்டமணி விளக்க, செந்திலின் கைபட்டு மாண்டில் பொடிப் பொடியாகும். அதுவும் ஆசிரியர், மாணவர், சோதனைக் கருவி என்று மூன்றும் உள்ள காட்சிதான். ஆனால் அது மாணவன் பக்கத்து ஹாஸ்யம். குருவின் ஞானம் சீடன் கையில் நொறுங்குகிறது, குரு அடிக்க ஓடுகிறார், கொட்டகை அதிர்கிறது. இங்கிலீஷ்காரன் ஹாஸ்யத்தில் மாணவனே கிடையாது. மாண்டிலைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. அந்த இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டு, தொடுகிறாயா, நோட்டில் எழுதிக்கொள்கிறாயா என்று அவன் காத்திருக்கிறான்.

பெரும்பாலானவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இதற்கு இங்கிலாந்திலேயே ருஜு இருக்கிறது. பள்ளிப் பாடங்கள் டெலிவிஷனில் ஆரம்பமான அதே 1957-ஆம் வருஷம், ஆறு வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் முதல் தேதி, பி.பி.ஸி.யின் 'பனோரமா' என்ற மிகக் கௌரவமான நிகழ்ச்சியில் மூன்று நிமிஷம் ஒரு செய்திப் படம் காட்டினார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு குடும்பத்தார் ஸ்பகெட்டி அறுவடை செய்கிறார்கள். ஸ்பகெட்டி என்றால் நம் சேமியாவுக்குப் பெரியப்பா முறை; இத்தாலிக்காரர்கள் மாவில் பிசைந்து செய்வது. அது மரத்தில் சடை சடையாகத் தொங்குகிறது. பெண்கள் பறித்துக் கூடையில் போட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. யுத்த காலத்திலும், மகாராணியின் முடிசூட்டு விழாவிலும் தேசமே கேட்ட குரல் அது. அவர் சொன்னால் மரத்தில் காய்க்காமல் இருக்குமா? நிகழ்ச்சி முடிந்ததும் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது. ஸ்பகெட்டிக் கன்று எங்கே கிடைக்கும், வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா என்று விசாரித்தவர்கள் உண்டு. அப்போது அந்தப் பண்டம் அங்கே அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதையும் சொல்லவேண்டும். நமக்கு யாராவது ஆலிவ் எண்ணெய் கிணற்றில் ஊறுகிறது என்று சொல்லியிருந்தால் நாமும் வாளியோடு கிளம்பியிருப்போம்.

அதைப் படம் பிடித்த காமிராக்காரரின் இளம்பிராயத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், "ஸ்பகெட்டி மரத்தில் காய்க்கிறது என்று சொன்னால்கூட நம்பிவிடுகிற மண்டூகங்கள் நீங்கள்" என்ற பொருளில் பிள்ளைகளைத் திட்டுவாராம். அதுதான் இந்த யோசனைக்கே வித்து என்று சொல்வார்கள். எத்தனையோ வருஷம் கழித்து மாணவன் அந்த வாக்கியத்தை ஒரு தேசத்தின்மேல் சோதித்துப் பார்த்துவிட்டான்.

'லுக் அரவுண்ட் யூ'வின் இரண்டாம் வரிசை 2005-ல் வந்தது. அரை மணி அரை மணியாக ஆறு. இது பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு, 'டுமாரோஸ் வேர்ல்ட்' என்ற நிகழ்ச்சியைக் கேலி செய்தது. அந்த நிஜ நிகழ்ச்சி 1965-லிருந்து 2003 வரை பி.பி.ஸி.யில் நடந்தது, நாளைக்கு என்னென்ன யந்திரங்கள் வரப்போகின்றன என்று காட்டுவது அதன் வேலை. கேலியில் பெண்களுக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் வருகிறது. மனிதர்களைக் கற்குவியலாக மாற்றிவிடும் ஒரு வியாதி வருகிறது. பிற்பாடு 2019-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஒலிவியா கோல்மன் அதில் நாலு அறிவிப்பாளர்களில் ஒருவராக, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டாத பாவத்தோடு நடித்திருக்கிறார். நல்ல தமாஷ்தான். ஆனால் என்னைக் கேட்டால் முதல் வரிசைக்கு உறை போடக் காணாது. இரண்டாவதில் சட்டைக் காலரும் கிருதாவும் நிறையச் சிரிப்பு மூட்டுகின்றன. போன தலைமுறையின் சட்டையைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பெரிய புத்தி வேண்டாம். நம் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலே போதும். நாளைய யந்திரத்தைப் பரிகாசம் செய்வதையும் நம் கலைவாணர் 1949-லேயே 'நல்லதம்பி'யில், பொத்தானை அமுக்கினால் பலகாரம் வரவேண்டும் என்று பாடி, ஒரே பாட்டில் முடித்துவிட்டார். முதல் வரிசையின் எட்டுப் பாடங்கள் அப்படியல்ல. அவற்றில் கேலிக்கு ஆளாகிறவர் கிருதாக்காரர் இல்லை. கைகட்டி உட்கார்ந்திருக்கிற நாம்தான்.

இதைப் பற்றி ஒரு சிநேகிதரிடம் பிரஸ்தாபித்தபோது அவர் முகம் சுளித்தார். காலேஜில் ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறவர். "உங்களுக்கென்ன, கதை எழுதுகிறவர். எது எதையோ கேலி செய்யலாம். இங்கே ஏற்கெனவே ஜனங்களுக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை கிடையாது. தினம் காலையில் எழுந்தால் வாட்ஸ்அப்பில் நாஸா ஒப்புக்கொண்டது, நாஸா வியந்தது என்று நாலு புளுகு. இதில் விஞ்ஞானப் பாடத்தையும் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தால் மிச்சம் என்ன?" என்று கேட்டார்.

அவருடைய கவலை வாஸ்தவமானது. நாஸா சமாசாரம் என் மைத்துனர் வீட்டிலிருந்து எனக்கும் வருகிறது. ஆனால் அவர் சொன்னதையே திருப்பிப் பார்க்கிறேன். அந்தப் புளுகுகள் எந்தக் குரலில் வருகின்றன? கோமாளிக் குரலிலா? நத்தைப் பாடத்தின் அதே குரலில் அல்லவா வருகின்றன! 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்', 'ஆராய்ச்சியில் நிரூபணமாகியிருக்கிறது' என்று நிதானமாக, அன்பாக, சந்தேகத்துக்கு இடமே வைக்காமல். அந்தக் குரல் கேட்டதும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் கை நோட்டைத் தேடுவதற்கு நாம் சின்ன வயசிலேயே பழகிவிட்டோம்.

விஞ்ஞானத்தின் குரல் அதுதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. லண்டனில் 1660-ல் ஏற்பட்ட ராயல் சொஸைட்டியின் இலச்சினையில் லத்தீனில் ஒரு வாசகம் இருக்கிறது. 'யார் வாய்ச்சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே' என்பது அதன் தாத்பரியம். அதே ஊரில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற ஸ்தாபனத்தில் 1825-லிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்கு விஞ்ஞானப் பிரசங்கம் செய்து வருகிறார்கள். மைக்கேல் பாரடே அங்கே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பிரசங்கங்கள் செய்தார். எரிகிற வத்தியை அணைத்துவிட்டு, மேலே எழும் ஆவியில் சற்றுத் தள்ளித் தீயைக் காட்டினால், சுடர் அந்த ஆவியின் வழியாகவே ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். பாரடே இதைச் செய்து காட்டினார். அவர் சொன்னதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. மின்சாரம் போன ராத்திரியில் நீங்களே செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். அதுவும் 'உன்னைச் சுற்றிப் பார்' என்ற வார்த்தைதான். ஆனால் பார்ப்பதற்கு நேரம் கொடுத்துவிட்டுச் சொன்னது. சிநேகிதர் இதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அவரைவிட அதிகமாக இந்த விஷயத்தில் பேச உரிமையுள்ள ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஸயன்ஸ் ஆசிரியராக இருந்தவர். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லாப்டாப்பில் கணிதப் பாடத்தைப் போட்டுக் காட்டினேன். இது கேலி என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கடிகாரம் ஓடி முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. 4,500 கோடி வந்தது. "தப்பா சொல்றானே" என்றார், மெதுவாக, திரையில் இருக்கிறவருக்கு மனக்கஷ்டம் வந்துவிடக் கூடாது என்பதுபோல. இரண்டாவது அபத்தத்தில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் விளங்கிவிட்டது. "அயோக்கியப் பயல்கள்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்த மேஜையையும் குடுவைகளையும் மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னார். "எவ்வளவு சாமான் வச்சிருக்கான் பாரு! எங்க ஸ்கூல்ல மொத்தம் ஒரே ஒரு தராசு. அதுவும் பீரோவுக்குள்ள. சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட."

பிறகு மறுபடியும் ஆரம்பத்தைப் போடச் சொன்னார். குரல் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், 'சரியான விடை' என்றது. பெரியப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தரம் போடு."

போட்டேன்.

"ஆக்ஸிஜன் பாடம் ஞாபகம் இருக்காடா உனக்கு?" என்றார். "பொட்டாசியம் குளோரேட்டையும் மாங்கனீஸ் டையாக்ஸைடையும் கலந்து சூடு பண்ணணும். வர்ற வாயுவிலே தணல் குச்சியைக் காட்டினா குப்புனு பத்திக்கும். பத்து வருஷத்துல நாலு வருஷம் மருந்தே வராது. நான் என்ன பண்ணுவேன்? பாடத்தை முடிக்கணும், இன்ஸ்பெக்ஷன் வரும். போர்டுல படம் போட்டுட்டு, 'காண்பன: தணல் குச்சி சுடர்விட்டு எரிவதைக் கண்டோம்'னு டிக்டேட் பண்ணிடுவேன். அம்பது பேரும் எழுதுவான். கண்டோம்! அவன் எங்கே கண்டான்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மருந்து வராததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க பெரியப்பா?" என்றேன்.

"அது சரி. 'இந்த வருஷம் காணலை, அடுத்த வருஷம் காண்போம்'னு எழுத வச்சிருக்கலாமில்லே?"

உள்ளேயிருந்து பெரியம்மா காப்பி ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். அவர் கவனிக்கவில்லை. ஒரு வருஷம் மருந்து வந்ததாம். குச்சி நிஜமாகவே பற்றிக்கொண்டதாம். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன், வருஷம் பூராவும் வாயே திறக்காதவன், "ஸார், பத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டு பெஞ்சின்மேலேயே ஏறிவிட்டானாம். இவர் அவனை அதட்டி இறக்கி, காண்பன என்று வழக்கமான வாக்கியத்தையே டிக்டேட் செய்தாராம். "அவன் சொன்னதையே எழுதச் சொல்லியிருக்கலாம். 'பத்திக்கிச்சு'ன்னு. அதைவிட என்ன இருக்கு எழுத?" என்றார். அந்தப் பையனின் பெயர், அவன் உட்கார்ந்த இடம் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. என்ன ஆனான் என்று தெரியவில்லையாம்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். லாப்டாப்பை மூடப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னும் எத்தனை பாடம் இருக்கு?"

"ஏழு இருக்கு பெரியப்பா."

"பேர் என்ன?"

"தண்ணீர், கிருமிகள், பேய்கள்..."

"பேயா?" கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டார். "அதைப் போடு. அந்த மேஜை டிராயர்ல ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும், எடு."